ரெமெதியோஸ் வீட்டில் வாடகைக்கு அறை இல்லை

ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை முடிந்து பஸ் ஏறும்போது ரெமெதியோஸின் மனதில் ஒரே ஆசைதான் இருக்கும். வீட்டுக்குப் போனதும் ஷூவைக் கழற்றிவிட்டு முற்றத்துத் தரையில் வெறுங்காலை வைக்க வேண்டும். விடிவதற்கு முன்பே எழுந்து போகிறவள் அவள். நோயாளிகளின் தட்டுகள் வரிசையாக நகர்ந்து வரும் இடத்தில் நின்றுகொண்டு, இவருக்கு உப்பில்லாமல், அவருக்குச் சர்க்கரையில்லாமல் என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைக்க வேண்டும். ஒரு தட்டு மாறினாலும் வார்டிலிருந்து சத்தம் வரும். பல வருஷமாக நின்று நின்று அவளுடைய கணுக்கால்கள் சாயங்காலத்துக்குள் பொதபொதவென்று வீங்கிவிடும்.

கிரனாதா நகரத்தின் பழைய பகுதியான அல்பைசின் மேட்டுக்கு ஏறும் சிவப்புச் சின்ன பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். எதிர்க்குன்றில் நிற்கும் அல்ஹம்ப்ரா கோட்டையை இந்தக் குன்றிலிருந்து பார்த்துப் படமெடுக்க உலகமே அந்த பஸ்ஸில்தான் ஏறும். ரெமெதியோஸின் தம்பி ஃபெர்மின் அந்த பஸ்ஸை ஓட்டுகிறவன். அவன் முறையில் அக்கா ஏறினால் கண்ணாடியைப் பார்த்துக் கத்துவான்.

"மூட்டை தூக்கிட்டு வந்த தம்பிங்களா! கோட்டை எங்கயும் ஓடிடாது. எங்க அக்கா விழுந்துட்டா தூக்க நான்தான் வரணும். கொஞ்சம் எந்திரிங்கப்பா!"

"வாயை மூடிட்டு ரோட்டைப் பாருடா," என்பாள் அவள். ஆனால் உட்கார்ந்துகொள்வாள்.

அக்காவும் தம்பியும் பெற்றோர் விட்டுப்போன வீட்டிலேயே இருந்தார்கள். கீழே அவன், மேலே அவள், நடுவில் ஒரு சின்ன முற்றமும் ஒரு திராட்சைக் கொடியும். இரண்டு பேருக்கும் கல்யாணம் அமையவில்லை. அவளுக்கு ஒருவன் இருந்தான். சுவிட்சர்லாந்துக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டான். அதைப் பற்றி ரெமெதியோஸ் பேசுவதில்லை, ஃபெர்மின்தான் பேசுவான்.

எதிர் வீட்டில் திரினி வாடகைக்கு இருந்தாள். லார்கா சதுக்கத்து ரொட்டிக் கடையில் வேலை. சந்து அவ்வளவு குறுகல் என்பதால் இவள் சன்னலிலிருந்து அவள் சன்னலுக்குக் குரலை உயர்த்தாமலே பேசலாம். கை நீட்டினால் உப்புக்கூடக் கொடுத்து வாங்கலாம். சின்ன வயதில் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கிய நாளிலிருந்து இருவரும் சிநேகிதிகள். தெருவில் ஒவ்வொரு வீடாகச் சுற்றுலா விடுதியாக மாறிக்கொண்டிருந்தபோது, 'இங்கே மனிதர்கள் குடியிருக்கிறோம்' என்று பழைய படுக்கை விரிப்பில் சிவப்பு மையால் எழுதித் தொங்கவிட்டது அவர்கள் இரண்டு பேரும்தான்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஒரு மத்தியானம், ரெமெதியோஸ் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. வடக்கே வயாதோலித் ஊரிலிருந்து வந்த இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பெட்டியோடு நின்றார்கள்.

"வணக்கம்மா. சாவி வாங்கிக்க வந்திருக்கோம்."

"எந்தச் சாவி?"

"வீட்டுச் சாவிதான். ரெண்டு நாளைக்குப் புக் பண்ணியிருக்கோமே."

ஒருத்தி போனை நீட்டினாள். ரெமெதியோஸ் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். அவளுடைய முற்றம். அவளுடைய திராட்சைக் கொடி. அவளுடைய அம்மா வாங்கிய பீங்கான் தட்டு சுவரில் தொங்கியது. கீழே, 'அல்ஹம்ப்ரா தெரியும் அமைதியான பழைய வீடு' என்று எழுதியிருந்தது. கதவு எண்ணும் சரியாக இருந்தது.

போன மே மாதச் சிலுவைத் திருநாளில் முற்றத்தில் பூச்சிலுவை ஜோடித்து, கதவை அகலத் திறந்து வைத்திருந்தாள். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. யார் வேண்டுமானாலும் படம் எடுத்திருக்கலாம்.

"ஏம்மா, இது நான் குடியிருக்கிற வீடு. இங்க வாடகைக்கு ஒண்ணும் இல்லை. உங்களை யாரோ ஏமாத்தியிருக்கான்."

சின்னவளுக்கு அழுகை வந்துவிட்டது. பெரியவள் நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்தாள். கடைசியில் ரெமெதியோஸே தனக்குத் தெரிந்த ஒரு சத்திரத்துக்குப் போன் பண்ணி, ஓர் அறை பிடித்துக் கொடுத்து, மேடு இறங்கும் வழியைச் சொல்லி அனுப்பினாள். அதற்குள் ஆறிப்போயிருந்த அவரைக்காய்ப் பொரியலை நின்றபடியே தின்றாள்.

அடுத்த வாரம் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அதற்கடுத்து நான்கு மாணவர்கள். பிறகு பெல்ஜியத்துக்காரர்கள், அவர்கள் பேசியது இவளுக்குப் புரியவில்லை, இவள் பேசியது அவர்களுக்குப் புரியவில்லை. திராட்சைக் கொடியைக் காட்டிக் காட்டி, இதுதான் இதுதான் என்றார்கள்.

ரெமெதியோஸ் லீவு போட்டுவிட்டுப் போலீஸுக்குப் போனாள். அங்கே இருந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பணம் கட்டினது யாரு?"

"வர்றவங்க."

"அப்ப அவங்கதாம்மா புகார் குடுக்கணும். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"என் தூக்கம்."

"தூக்கத்துக்கு எங்ககிட்ட புகார் ஃபாரம் இல்லைம்மா," என்றார் அவர். நக்கல் பண்ணவில்லை, அவரும் சரியாகத் தூங்காதவர் போலத்தான் இருந்தார்.

விளம்பரம் வந்த இணையதளத்துக்கு ஃபெர்மின் எழுதிப் பார்த்தான். புக்கிங் எண்ணைக் குறிப்பிடவும் என்று பதில் வந்தது. நாங்கள் புக் பண்ணியவர்கள் இல்லை, அந்த வீட்டுக்காரர்கள் என்று எழுதினான். மறுபடியும் அதே பதில் வந்தது.

"ஒரு நாள் நாமளே புக் பண்ணிடலாம்க்கா. நம்ம வீட்டுல நாமளே போய்த் தங்கலாம். அமைதியா இருக்குமாம், போட்டிருக்கான்."

"சிரிக்கிற மாதிரியா இருக்கு எனக்கு?"

"அழுதா மட்டும் நிறுத்திடுவானா?"

மே மாதம் முடிவதற்குள் ரெமெதியோஸுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. கதவைப் பாதி திறந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். இது விடுதி இல்லை. முதலில் பாங்குக்குப் போன் பண்ணுங்கள். காரில் வந்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், தெரு முனையில் கேமரா இருக்கிறது, அபராதம் வீடு தேடி வரும். அந்தப் பெட்டியை இந்தக் கூழாங்கல் தெருவில் உருட்டாதீர்கள், சக்கரம் போய்விடும், தூக்கிக்கொண்டு போங்கள். கோட்டைக்கு டிக்கெட் வாங்கியாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரம் மறந்துவிடுங்கள். வாங்கியிருந்தால் அரண்மனைக்குக் குறித்த நேரத்தில் வாசலில் நில்லுங்கள், தவறினால் விடமாட்டார்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கேட்பவர்களில் சிலர் நன்றி சொல்வார்கள். சிலர் அவளையே திருடி என்பார்கள். ஒருவன் கதவை உதைத்துவிட்டுப் போனான். அவளுக்குத் திருப்பிக் கத்தக்கூடத் தெம்பில்லை. மாடியேறிப் படுத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் தெரு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பெட்டிச் சக்கரங்கள் தடதடவென்று வந்து அவள் வாசலில்தான் நிற்கின்றன, அவள் கதவு திறக்கிறது, பேச்சு நடக்கிறது. பார்ப்பவர்களுக்கு அவ்வளவு போதும். குடியிருப்போர் சங்கத்துத் தலைவர் எலாதியோ கடையில் பார்த்தால் தக்காளியைத் தடவிப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரினி முதலில் சன்னல் பேச்சைக் குறைத்தாள். பிறகு வெயிலைச் சொல்லிச் சன்னலைச் சாத்தினாள். ரொட்டி வாங்கப் போனால் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மேடையில் வைத்தாள்.

விளக்கிச் சொல்லலாம் என்று ரெமெதியோஸ் நினைக்காமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் முன்பின் தெரியாதவர்களிடம் அதையே சொல்லிச் சொல்லி வாய் வறண்டுபோயிருந்தது. சிநேகிதிக்கும் அதே பாடத்தை ஒப்பிக்க வேண்டுமா என்று மனம் கசந்தது. கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள். திரினி கேட்கவில்லை.

ஜூனில் ஊரின் பெரிய திருவிழாவான கோர்ப்பஸ் வந்தது. ஊரில் ஒரு கட்டில்கூடக் காலியில்லை. வெயிலோ கல்லைப் பிளந்தது. சன்னல்களெல்லாம் சாத்தியிருந்த ஒரு மத்தியானம் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. ரெமெதியோஸ் தன் பாடத்தை ஆரம்பித்துக்கொண்டேதான் திறந்தாள். பாதியில் நிறுத்தினாள்.

வாசற்படியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தொப்பியால் விசிறிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"மன்னிக்கணும்மா, கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டோம். இவருக்குத் தலை சுத்துதாம்."

வடக்கே லியோன் மலைப்பக்கத்துக் கிராமம் அவர்களுக்கு. அவர் பெயர் எர்மினியோ, சுரங்கத்தில் இருந்தவர். அவள் ஒப்துலியா, தபால் கொடுத்தவள். குளிரில் வளர்ந்த உடம்பு. இப்படி ஒரு வெயிலை அவர்கள் பார்த்ததே இல்லை.

"உள்ள வாங்க," என்றாள் ரெமெதியோஸ். "மத்ததெல்லாம் அப்புறம்."

முற்றத்தில் கொடிக்குக் கீழே அவரைச் சாய்த்து உட்கார வைத்து, கழுத்திலும் மணிக்கட்டிலும் ஈரத்துணி வைத்தாள். குளிர்ந்த தக்காளிச் சாற்றில் உப்புப் போட்டு மெதுவாகக் குடிக்கக் கொடுத்தாள். அவர் முகத்தில் ரத்தம் ஏறிய பிறகுதான் ஒப்துலியாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

ஒப்துலியா அழவில்லை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"ஜனவரியிலேருந்து பார்த்துப் பார்த்துப் பண்ணினேன்மா. எந்த ரயில்ல மாறணும், எந்தப் பக்கம் நிழல் விழும், இவருக்கு மூச்சு வாங்காம எந்த வழியா ஏறணும்னு எல்லாம் கேட்டு வெச்சேன். கோட்டை டிக்கெட்கூட நாளைக் காலையிலதான், வெயிலுக்கு முன்னாடி. ஒண்ணும் விடலைன்னு நெனச்சேன்." கைகளைப் பார்த்துக்கொண்டாள். "வீடு இருக்கான்னு மட்டும் கேக்கலை."

"வீடு இருக்குல்ல. அதுல நான் இருக்கேன், அவ்வளவுதான்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

சத்திரங்களுக்கெல்லாம் போன் பண்ணியாயிற்று. எங்கும் இடமில்லை. ரெமெதியோஸ் தன் அறையில் விரிப்பு மாற்றினாள். அவர்களை அங்கே படுக்க வைத்துவிட்டுத் தான் கூடத்துச் சோபாவில் முடங்கிக்கொண்டாள். ஃபெர்மின் வேலை முடிந்து வந்து, குளியலறையில் பல்செட் டம்ளரைப் பார்த்துவிட்டு மாடிப்படியிலேயே நின்றான்.

"அக்கா, கடைசியில நெசமாவே ஆரம்பிச்சுட்டியா?"

"மெதுவாப் பேசு. தூங்குறாங்க."

"நீ எங்க தூங்குவ?"

"நான் எங்கடா தூங்குறேன்!"

மறுநாள் காலையில் ஃபெர்மினே தன் பஸ்ஸில் அவர்களை ஏற்றி, கோட்டை பஸ்ஸுக்கு மாற்றிவிட்டான். வெயிலுக்கு முன்பு திரும்பி வந்தார்கள். எர்மினியோவுக்கு அரண்மனை பிடித்திருந்ததா என்று ரெமெதியோஸ் கேட்டாள். நிறைய யோசித்துவிட்டு, "தண்ணி நல்லா ஓடுது," என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. ஆனால் ரெமெதியோஸ் வேலையிலிருந்து வருவதற்குள் சமையலறைக் குழாயின் ஒழுகலை அடைத்துவைத்திருந்தார்.

மூன்றாம் நாள் அவர்கள் கிளம்பினார்கள். அன்று ரெமெதியோஸ் வேலையில் இருந்தாள். சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிடலாமே என்று ஒப்துலியா திரினியின் கதவைத் தட்டினாள். நல்ல மனசுக்காரி, வாய் நிறையச் சொன்னாள்.

"என்ன வீடும்மா அது! ரெண்டு நாள் தங்கினோம், தாய் மாதிரிப் பார்த்துக்கிட்டா. எங்க ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன், கிரனாதா போனா இங்கதான் தங்கணும்னு."

திரினி சாவியை வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் ரெமெதியோஸின் கதவிடுக்கு வழியாக உள்ளே போட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து, அரசாங்கத்தில் அனுமதியில்லாத விடுதிகளைத் தேடும் பிரிவிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். அட்டையைக் காட்டினாள். வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"பாருங்க. ஷூ போட்டுட்டே வாங்க, நான் இன்னும் கழட்டலை."

அந்தப் பெண் கீழே ஃபெர்மினின் அறையைப் பார்த்தாள். அவன் பனியன் நாற்காலியில் காய்ந்தது. மேலே ரெமெதியோஸின் அறையைப் பார்த்தாள். கட்டில், மாத்திரைகள், அம்மாவின் படம், கால் வீக்கத்துக்குப் போடும் இறுக்கக் காலுறை.

"இங்க வெளியாட்கள் தங்கினாங்களா?"

"தங்கினாங்க. ஒரு வயசான ஜோடி."

"காசு கட்டினாங்களா?"

"கட்டினாங்க. எனக்கு இல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரெமெதியோஸ் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, ஈஸ்டருக்குப் பிறகு நடந்ததையெல்லாம் தாழ்ந்த குரலில் சொன்னாள். கோபம்கூட வரவில்லை. நடுவில் ஒரு முறை கண் சொருகியது. அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டாள்.

"உடனே முடியாதும்மா. விசாரணைன்னு ஒண்ணு பதிவாயிடுச்சு, சில மாசம் இழுக்கும். அபராதம் வராதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா அந்த விளம்பரத்தை நீக்கச் சொல்லி எங்க பக்கமிருந்து எழுத முடியும்."

"அதை மட்டும் பண்ணிடுங்க. மத்தது எவ்வளவு வேணா இழுக்கட்டும்."

ஜூலை பாதியில் விளம்பரம் போய்விட்டது. யாரும் வரவில்லை. சில நாள் மத்தியானம் கதவு தட்டப்படும் என்று காத்துக்கொண்டே படுத்திருந்தாள். பிறகு உடம்பு நம்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கத் தூங்கினாள்.

ஆகஸ்டில், தெரு காலியாகிக் கிடந்த ஒரு மாலையில், எதிர்ச் சன்னல் திறந்தது.

"ரெமே."

"ம்."

"நான்தான் உன் மேல புகார் எழுதிப் போட்டேன்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? என் வாசலைப் பார்த்த மாதிரி இந்தத் தெருவுல சன்னல் வெச்சிருக்கிறவ நீ ஒருத்திதான்."

திரினி விரலால் சன்னல் கம்பியைச் சுரண்டினாள். "விசாரணைக்கு வந்த பொண்ணு நேத்து என்கிட்டயும் வந்து எல்லாம் சொல்லிட்டுப் போனா. நீ ஏண்டி ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீ ஏண்டி ஒரு வார்த்தை கேக்கலை?"

கீழே ஒரு பூனை சந்தைக் கடந்து போனது.

"வீட்டுக்காரன் ஏப்ரல்லயே சொல்லிட்டான்," என்றாள் திரினி. "ஒப்பந்தம் முடிஞ்சா காலி பண்ணணும். ரிப்பேர் பண்ணி, வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போறானாம். அதே மாசம் உன் வாசல்ல பெட்டியா வந்து நிக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? உன்கிட்ட வந்து அழலாம்னு இருந்தேன். அழப் போக வேண்டிய இடமே அழ வெக்கிற இடமா ஆயிடுச்சேன்னு இருந்துச்சு."

ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை இரண்டு பேரும் ஒரே பாரத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். மன்னித்தேன் என்று சொல்ல ரெமெதியோஸுக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"முட்டை உருளைக்கிழங்கு அடை இருக்கு. கதவைத் தட்டிட்டு வா. சன்னல் வழியா குடுக்க மாட்டேன்."

செப்டம்பர் கடைசியில் திரினி காலி பண்ணினாள். லாரி இந்தச் சந்துக்குள் வராது. ஃபெர்மின் லீவு போட்டான். சங்கத் தலைவர் எலாதியோகூட வந்தார்; ரெமெதியோஸின் முகத்தைப் பார்க்காமல் மெத்தையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கட்டிலைப் பிரித்து, அலமாரியைப் பிரித்து, கூழாங்கல் படிகளில் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். பாதி வழியில் திரினி சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். ரெமெதியோஸும் பக்கத்தில் நின்றாள். மூச்சு வாங்கியதும் மறுபடியும் தூக்கினார்கள்.

திரினிக்கு ஊர் ஓரத்தில் சானா என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடி வீடு கிடைத்தது. லிஃப்ட் உண்டு. எதிரே கார் நிறுத்துமிடம். ரெமெதியோஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வர ஆரம்பித்தாள். முதல் தடவை போவதற்கு முன் திரினி போனில் வழி சொன்னாள். சின்ன பஸ்ஸில் கீழே இறங்கு, பெரிய தெருவில் மாறு, ஏறும்போதே டிரைவரிடம் மார்க்கெட் நிறுத்தம் என்று சொல்லிவை, இல்லையென்றால் நிறுத்தமாட்டான், ஞாயிறு என்பதால் அடுத்த பஸ்ஸுக்கு நிறைய நேரம் நிற்க வேண்டிவரும்.

"ஏண்டி, எனக்கா பஸ் சொல்லித் தர்ற?" என்றாள் ரெமெதியோஸ்.

"இந்தப் பக்கம் நீ எப்ப வந்திருக்க?"

உண்மைதான். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. தவறான நிறுத்தத்தில் இறங்கி, ஒரே மாதிரி நின்ற கட்டடங்களுக்கு நடுவே சுற்றி, ஒரு பையனிடம் வழி கேட்டுத்தான் போய்ச் சேர்ந்தாள். திரினி வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே போனதும் ஷூவைக் கழற்றச் சொன்னாள். காபி போட்டு எடுத்து வருவதற்குள் ரெமெதியோஸ் சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். திரினி டிவி சத்தத்தைக் குறைத்தாள். வீங்கிய கால்களை மெல்லத் தூக்கிச் சோபாவின் மேல் வைத்தாள். காபியை அவளே குடித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.